பேசாத பெட்டியும் கேட்ட செவிகளும்

பழம்பொருள் சேகரிப்பு என்பது நம் சூழலில் இன்னும் ஐயத்தோடு பார்க்கப்படுகிற காரியம். நாணயம் சேர்ப்பவரைப் பொறுத்துக்கொள்கிறோம். அஞ்சல்தலை சேர்ப்பவரைக் கண்டால் பள்ளிப்பருவத்தைக் கடக்காதவர் என்று புன்னகைக்கிறோம். ஓலைச்சுவடி தேடி அலைபவருக்கு மட்டும் உ.வே.சாமிநாதையரின் பெயர் சற்று மரியாதையைப் பெற்றுத் தந்திருக்கிறது. பழைய வானொலிப் பெட்டிகளைச் சேகரிப்பவருக்கோ இந்த வரிசையில் இடமே இல்லை. ஓடாத பெட்டிகளை வாங்கிவந்து வீட்டை அடைத்துக்கொண்டிருப்பவர் என்பதே அவரைப் பற்றிய அக்கம்பக்கத்தின் தீர்ப்பு. அத்தீர்ப்புக்கு அஞ்சாத சிலர் திருநெல்வேலிச் சீமையிலும் இருக்கவே செய்கிறார்கள். பழைய இரும்புக் கடையிலும், வீடு மாற்றிப் போகிறவர்களின் பரணிலும், இடிக்கப்படும் வீடுகளின் முற்றத்திலும் கிடக்கிற மர்ஃபியையும் பிலிப்ஸையும் புஷ்ஷையும் அவர்கள் எடுத்துச்சென்று துடைத்துப் பேசவைக்கிறார்கள்.

இவர்கள் செய்வது பயனுள்ள பணி என்பதே நம் கருத்து. ஆனால் இப்பணி இப்போது நடைபெறும் விதத்தில் அதன் பயனில் பாதிக்கு மேல் கைநழுவிப் போகிறது என்பதையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறோம். பெட்டி சேர்கிறது, அதைக் கேட்ட செவிகளின் நினைவு சேர்வதில்லை. இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் மரச்சாமான் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

*

முதலில் அதன் ஈர்ப்பைப் பற்றி. வால்வு வானொலியோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பார்த்திராத தலைமுறைக்குச் சொல்லத்தான் வேண்டும். மெருகேற்றிய மரப்பேழை, அல்லது லியோ பேக்லண்ட் 1907இல் கண்டறிந்த பேக்கலைட்டில் வார்த்தெடுத்த கூடு. முகப்பில் ஒலிபெருக்கியை மறைக்கும் துணி. அதன் கீழோ பக்கத்திலோ எண்களும் ஊர்ப்பெயர்களும் அச்சிட்ட கண்ணாடி டயல். குமிழைத் திருகினால் டயலுக்குப் பின்னால் விளக்கு எரியும். குரல் உடனே வராது. வால்வுக்குள் இருக்கும் இழை சூடேறி எலெக்ட்ரான்களை உமிழத் தொடங்க அரை நிமிடம் போல ஆகும். பிறகு மெல்லிய முனகல், அதன்மேல் கரகரப்பு, அதற்குள்ளிருந்து ஒரு மனிதக்குரல். சில பெட்டிகளில் 'மேஜிக் ஐ' என்ற பச்சைநிறக் கண்ணொன்று உண்டு. நிலையம் சரியாகப் பிடிபடும்போது அதன் பச்சை விரிந்து நிழல் ஒடுங்கும். செவிக்குத் துணையாகக் கண்ணையும் வைத்துக்கொண்ட கருவி அது.

அந்த அரை நிமிடக் காத்திருப்பு அற்பமானதன்று. இன்றைய கருவிகள் நாம் கேட்பதற்கு முன்பே நமக்காக வாயைத் திறந்து வைத்திருக்கின்றன. வால்வு வானொலி கேட்பவனை முதலில் அமரச் செய்தது. செய்தி ஏழேகாலுக்கு என்றால் ஏழு பதினான்குக்குப் பெட்டிக்கு முன்னால் இருக்க வேண்டும். தவறினால் தவறியதுதான். திருக்குறளில் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்து 42ஆம் அதிகாரமாகக் கேள்வி வைக்கப்பட்டிருக்கிறது. கேட்பதையும் ஒரு கல்வியாக, பழகிப் பெறவேண்டிய ஒழுக்கமாகக் கருதிய மரபு நம்முடையது. அந்த மரபு இருபதாம் நூற்றாண்டில் கண்டெடுத்த இயந்திரம் இது என்று சொன்னால் மிகையாகாது.

டயல் கண்ணாடியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஒரு நிலப்படம். ஆனால் அதில் ஊர்கள் தூரத்தின்படி அமைந்திருப்பதில்லை, அலைநீளத்தின்படி அமைந்திருக்கின்றன. கொழும்புக்கு அருகில் டெல்லி இருக்கும். திருச்சிக்குப் பக்கத்தில் கல்கத்தா நிற்கும். சிற்றலைப் பகுதியில் 19, 25, 31, 41, 49 மீட்டர் என்ற பட்டைகளின் மேல் லண்டன் முதலான தொலைவூர்கள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வயல்வரப்பையும் தேர்த்திருவிழாவையும் தாண்டாத ஒரு வாழ்வில் உலகம் என்ற சொல்லுக்குக் கிடைத்த முதல் உருவம் அந்தக் கண்ணாடிதான் என்று பல முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

மூன்றாவது ஈர்ப்பு, இப்பெட்டி தன்னை மறைத்துக்கொள்வதில்லை என்பது. பின்பலகையைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஏரியல் பிடித்துத் தரும் மெலிந்த அலையைப் பெட்டி தானே உண்டாக்கும் இன்னொரு அலையோடு கலக்கிறது. அதனால் கிடைக்கும், பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய இடைநிலை அலையைப் பெருக்கி, அதிலிருந்து குரலைப் பிரித்து, மறுபடியும் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறது. முதல் உலகப்போரின் இறுதியில் எட்வின் ஆம்ஸ்ட்ராங் வகுத்த முறை இது. இத்தனையும் நான்கைந்து வால்வுகளில் முடிந்துவிடுகிறது, எந்த வால்வு எந்த வேலையைச் செய்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம் (மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு!). அறிவியலைத் தமிழில் எளிமையாக எழுதுவதற்கு வாழ்நாளைத் தந்த பெ.நா. அப்புஸ்வாமி (1891-1986) இந்த ஆற்றின் கடைமடைப் பக்கம், பெருங்குளத்தில் பிறந்தவர். விளங்காததை விளங்கவைப்பது அவர் கைக்கொண்ட தொழில். பின்பலகை கழற்றிய வால்வு வானொலியும் அப்படியொரு பாடநூல்தான். கையிலிருக்கும் அலைபேசியைத் திறந்து எந்தப் பாகம் பேசுகிறது என்று நம் மாணவனுக்குக் காட்ட நம்மால் இயலாது.

*

இந்த ஈர்ப்புகளெல்லாம் உலகப் பொதுவானவை. லண்டனிலும் சிகாகோவிலும் வானொலி சேகரிப்பவர்களும் இவற்றையே சொல்வார்கள். தாமிரபரணிக் கரையில் இப்பெட்டிக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. அதை அறியாமல் இங்கே சேகரிப்பதில் பொருளில்லை.

வால்வு வானொலிக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் எட்டாத இடத்தில் கனத்த பாட்டரிகளை வாங்கி மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது எல்லோராலும் ஆகிற செலவன்று. சென்னை மாகாணத்தில் 1932இல் பைகாராவும் 1937இல் மேட்டூரும் மின்சாரம் தரத் தொடங்கின. தென்கோடிக்கு அந்த வாய்ப்பு 1944இல் பாபநாசம் நீர்மின் நிலையத்தால் வந்தது. பொதிகையிலிருந்து இறங்கும் ஆறு, வயலுக்குப் போகும் வழியில் சுழலியைச் சுற்றிவிட்டுப் போயிற்று. அம்பையிலோ கல்லிடைக்குறிச்சியிலோ ஒரு வீட்டில் வால்வின் இழை சிவந்து எரிந்தபோது அதைச் சிவக்கவைத்ததில் இந்த ஆற்றுக்கும் பங்குண்டு. கார் சாகுபடிக்கும் பிசானத்துக்கும் தண்ணீர் தந்த ஆறே காம்போதிக்கும் கல்யாணிக்கும் மின்சாரம் தந்தது. ஒரு நிலத்தின் பண்பாட்டு வரலாற்றை எழுதுகிறவன் கவனிக்கவேண்டிய இணைப்பு இது.

பெட்டியும் மின்சாரமும் வந்தாயிற்று. கேட்பதற்கு என்ன இருந்தது? 1924இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் உருவான வானொலிக் கழகம், 1930இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய ஒலிபரப்பு, 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம், 1939 மே 16இல் திருச்சி நிலையம் என்று தமிழ் ஒலிபரப்பு வளர்ந்தது. திருநெல்வேலிக்குத் தனக்கென ஒரு நிலையம் வாய்க்க 1963 டிசம்பர் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட கால் நூற்றாண்டு இப்பள்ளத்தாக்கு பிறர் குரலைக் கேட்டே வளர்ந்தது. பறவை பறக்கும் கணக்கில் சென்னை இங்கிருந்து சுமார் 560 கி.மீ.; திருச்சி சுமார் 250; கொழும்பு சுமார் 310. மிக அருகில் இருந்த திருவனந்தபுரமோ மலைக்கு அந்தப் பக்கம், மலையாளத்தில் பேசிற்று.

இந்தக் கணக்கில்தான் இலங்கை வானொலியின் கதை தொடங்குகிறது. மத்திய அலை நிலத்தின்மேல் செல்வதைவிட உப்புநீரின்மேல் இழப்பின்றிச் செல்லும். கொழும்புக்கும் நம் கரைக்கும் நடுவே வழியின் பெரும்பகுதி மன்னார் வளைகுடா. பொழுது சாய்ந்ததும் மேல்வளி மண்டலம் அலைகளைத் திருப்பி அனுப்பும்போது தொலைநிலையங்களும் வந்து சேரும். இயற்கை செய்த இந்த உதவியோடு அரசியலும் ஓர் உதவி செய்தது. இரண்டாம் உலகப்போரில் நேச நாடுகளின் தென்கிழக்காசியப் படைத்தலைமைக்காகக் கொழும்பில் அமைக்கப்பட்ட வலுவான ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கைக்கே உரிமையாயிற்று. 1949இல் ரேடியோ சிலோன் முறையாக உருவாயிற்று. இங்கே 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி. கேஸ்கர், செவ்வியல் இசையை வளர்க்கும் நோக்கத்தில் வானொலியில் திரைப்பாடல்களை ஒடுக்கினார். பாடல் வேண்டியவர்கள் முள்ளைக் கொழும்புக்குத் திருப்பினார்கள். 1957 அக்டோபர் 3இல் விவித் பாரதி தொடங்கப்பட்டது இந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

ஆனால் நெல்லைக்காரர்கள் அதற்குள் இலங்கைத் தமிழுக்குப் பழகிவிட்டிருந்தார்கள். மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் முதலிய அறிவிப்பாளர்களின் உச்சரிப்பை வியந்து, அதைப்போலப் பேசிப் பார்த்து வளர்ந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அந்நிலையத்தின் பெயர் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று மாறிய பின்பும் இங்கே அது 'சிலோன் ரேடியோ'தான். பிற்காலத்தில் இலங்கைத் தமிழருக்கான அகில இந்திய வானொலியின் சேவைக்கென்று தூத்துக்குடியில் 200 கிலோவாட் ஒலிபரப்பி நிறுவப்பட்டபோது அதே கடலை எதிர்த்திசையில் நம் குரல் கடந்தது. தமிழின் எல்லையை நிலப்படத்தில் பார்க்கிறவர்களுக்கு இடையே ஒரு கடல் தெரியும். டயலில் பார்த்தவர்களுக்கு அக்கடல் இருக்கவில்லை. ஈழத் தமிழை அயல்தமிழாகக் கருதாத ஒரு செவிப்பழக்கம் தென்பாண்டி நாட்டில் எப்படி உண்டாயிற்று என்று மொழியியலார் என்றாவது ஆராய்வார்களாயின், அவர்களுடைய முதன்மைச் சான்று ஏடுகளில் இருக்காது. இந்தப் பெட்டிகளில்தான் இருக்கும்.

*

இனி நம் கருத்து வேறுபாட்டுக்கு வருவோம்.

சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் நாம் காண்பவை பெரும்பாலும் பெரிய வால்வுப் பெட்டிகள். அவை அழகானவை, ஆகவே காக்கப்படுகின்றன. அவற்றை வாங்கியவர்கள் யார்? நிலபுலன் உடையவர்கள், வக்கீல்கள், மருத்துவர்கள், மில் அதிகாரிகள், வெளியூர்ப் பணம் வந்த வணிகக் குடும்பத்தினர். பெட்டியின் விலை ஒருபுறமிருக்க, வானொலி வைத்திருப்பதற்கே அஞ்சலகத்தில் உரிமக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. ஆண்டுக்குப் பதினைந்து ரூபாய் என்பது ஒரு காலத்தில் கூலிக் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. 1980களின் நடுவில்தான் அந்த உரிமமுறை ஒழிந்தது. ஆகவே அழகான பெட்டிகளை மட்டும் சேர்ப்பது, தெரிந்தோ தெரியாமலோ, வசதி படைத்த வீடுகளின் கூடத்தை மட்டும் வரலாறாக்குவதில் முடிகிறது.

வானொலி கேட்டவர்கள் அவர்கள் மட்டும்தானா? பெட்டி கூடத்தில் இருந்தது. அதைக் கேட்டவர்களில் பலர் திண்ணையிலும் தெருவிலும் இருந்தார்கள். யார் கூடம்வரை வரலாம், யார் திண்ணையில் அமரலாம், யார் தெருவில் நின்றே கேட்கவேண்டும் என்பதை ஒலியின் இயல்பு வகுக்கவில்லை. ஊரின் சாதி வகுத்தது. அலைக்குத் தீட்டில்லை, பெட்டி இருந்த வீட்டுக்கு இருந்தது. பஞ்சாயத்து வானொலி இந்த வகையில் ஒரு சிறு புரட்சி. ஊர்ப்பொதுவில் நிறுத்திய கம்பத்திலிருந்து ஒலிபெருக்கி பேசியபோது, எவர் வீட்டுப் படியையும் மிதிக்காமல் எவரும் கேட்கும் நிலை வந்தது. அந்தப் பொதுச்சத்தம் எல்லா ஊர்களிலும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. கம்பம் எந்தத் தெருவில் நடப்பட்டது என்பதும் ஒரு கேள்விதான். அக்கேள்விக்கு விடைசொல்லும் பஞ்சாயத்துப் பெட்டி ஒன்றை எத்தனை சேகரிப்புகளில் காணமுடிகிறது?

அடுத்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த அந்தச் சிறு பொருள், வானொலியைக் கூடத்திலிருந்து விடுவித்துத் தோளில் தொங்கவிட்டது. இரண்டு மூன்று டார்ச் பாட்டரிகளில் பேசும் பெட்டியை வரப்பிலும் தேநீர்க் கடையிலும் சலூனிலும் வைக்க முடிந்தது. தஞ்சை வட்டாரத்தில் 1960களில் ஏ.டி.டி. 27 என்ற நெல்லை உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி வாயிலாகப் பரவியதால் வந்த பெயர் அது. ஒரு ஒலிபரப்பு தன் பெயரையே ஒரு தானியத்துக்குத் தந்த செய்தி இது. அந்த உழவர்களின் பெட்டிகள் இன்று எங்கே?

நம் மாவட்டத்தின் சான்று இதைவிடக் கூர்மையானது. முக்கூடல், ஆலங்குளம், கடையம், மேலப்பாளையம் என்று தாமிரபரணியின் இருமருங்கிலும் பீடி சுற்றும் பெண்கள் பல்லாயிரவர். சுளகை மடியில் வைத்து, இலையைக் கத்தரித்து, தூளை நிரப்பிச் சுருட்டி, நூல் கட்டும் வேலையில் கண்ணும் கையும் இடைவிடாமல் ஈடுபட்டிருக்கும். ஓய்ந்திருப்பது செவி ஒன்றே. வாசலிலோ நடையிலோ பக்கத்தில் ஒரு சிறு டிரான்சிஸ்டர். காலைப் பக்தியிசை, மாநிலச் செய்தி, மகளிர் நிகழ்ச்சி, நேயர் விருப்பம், நாடகம் என்று நிகழ்ச்சிகளின் வரிசைதான் அவர்களுக்குக் கடிகாரம். எந்த நிகழ்ச்சி முடிகிறபோது எத்தனை கட்டு முடிந்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த பெண்களை நாம் அறிவோம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த மாவட்டத்தில் வானொலியை மிக அதிக நேரம், மிகுந்த கவனத்தோடு கேட்டவர்கள் யாரென்று கேட்டால் நம் விடை இவர்கள்தாம். அவர்களுடைய பெட்டி பிளாஸ்டிக்கால் ஆனது. பின்மூடி உடைந்து, ரப்பர் வளையம் மாட்டி, ஏரியலின் முறிந்த நுனியில் கம்பி சுற்றியது. அதை யாரும் சேகரிப்பதில்லை, அது அழகாக இல்லை என்பதால். பேரீச்சம்பழக்காரனிடம் அது எப்போதோ போய்விட்டது.

*

சேகரிப்பு எப்படி இருக்கவேண்டும், எப்படி இருக்கக்கூடாது என்பதற்கு இந்த ஆற்றங்கரையே இரண்டு முன்மாதிரிகளை வைத்திருக்கிறது.

உ.வே.சா. சுவடி தேடி ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று இப்பக்கத்து வீடுகளின் படியேறினார். கிடைத்த சுவடிகளைப் பதிப்பித்தபோது எந்தப் பிரதி எவரிடமிருந்து, எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை முகவுரையில் பதிந்தார். ஏட்டை மட்டுமல்லாமல் ஏடு இருந்த வீட்டையும் காப்பாற்றிக் கொடுத்தார் என்பதே அவருடைய பெருமை. அதே ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானியர் ஃபெடோர் ஜாகோர் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குப் போயின. ஒரு தாழி தோண்டப்பட்ட மண்ணைவிட்டு வெகுதூரம் போய்விட்டால் அது அழகான பானையாக எஞ்சுமேயன்றி, எந்த அடுக்கில், எதனருகே கிடந்தது என்று பேசாது. அகழ்ந்த இடத்திலேயே கண்ணாடித் தளத்தின் கீழ்த் தாழிகளைக் காட்டும் காட்சியகம் அங்கே 2023இல்தான் அமைந்தது. 147 ஆண்டுகள் கழித்துக் கற்ற பாடம்.

வானொலிச் சேகரிப்பில் இப்போது நடப்பது பெர்லின் வழி. பெட்டி தரகர் கைமாறி, கொச்சிக்கோ பெங்களூருக்கோ போய், விடுதியின் வரவேற்பறையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் உட்காருகிறது. இதைவிடக் கொடுமை, உள்ளிருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுக் கூட்டுக்குள் புளூடூத் ஒலிபெருக்கியைப் பொருத்தி விற்பது. டயலில் ஊர்ப்பெயர்கள் இருக்கும், முள் நகரும், எந்த ஊரும் வராது. இதைப் புதுப்பித்தல் என்கிறார்கள். பாடம் செய்த புலியைக் காடு என்று காட்டுவதற்கு ஒப்பானது இது.

பெட்டி எப்படிக் காக்கப்பட வேண்டும் என்பது நல்ல ரேடியோ மெக்கானிக்குகளுக்குத் தெரியும். பல ஆண்டு உறங்கிய பெட்டியை அவர்கள் நேரடியாக மின்இணைப்பில் செருகுவதில்லை. உள்ளிருக்கும் காகித, ரசாயனக் கண்டன்சர்கள் காலத்தால் கசியத் தொடங்கியிருக்கும். முழு மின்னழுத்தம் பாய்ந்தால் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். ஆகவே இடையே ஒரு சீரிஸ் பல்பைப் போட்டுப் பார்ப்பார்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் உள்ளே பழுது; மங்கினால் மேலே தொடரலாம். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ஏ.சி.-டி.சி. பெட்டிகளில் அடித்தகடே மின்சாரம் ஏந்தியிருக்கக்கூடும் என்பதால் தொடுவதற்கு முன் சோதிப்பார்கள். இந்த அறிவு எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. எழுபதைக் கடந்த சிலரின் விரல்நுனியில் இருக்கிறது. பெட்டியைவிட அரிதான பழம்பொருள் அதுவே.

காலமும் நம் பக்கம் இல்லை. 1941 மே 3இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஓடு நின்றது. சிற்றலையும் மத்திய அலையும் உலகெங்கும் ஒவ்வொன்றாக அணைக்கப்பட்டு வருகின்றன. இந்தியாவிலும் பல ஒலிபரப்பிகள் நிறுத்தப்பட்டுப் பண்பலையும் செயலியும் அவ்விடத்தைப் பிடித்திருக்கின்றன. பழைய பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பண்பலை தெரியாது. அவை கேட்கும் மொழியைப் பேசுவோர் ஒவ்வொருவராக மறைகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். இது போதாதென்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ.; ஆறு கரைமீறி ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கமெல்லாம் வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரமும் அலைபேசியும் அற்றுப்போன அந்த நாட்களில் பாட்டரி வானொலி என்ற எளிய பொருளின் அருமையைப் பலர் நினைத்துக்கொண்டார்கள். நீர் வடிந்தபின் வீதியில் எடுத்துப்போட்ட சேற்றுக்குவியல்களில் பழைய மரப்பெட்டிகள், புத்தகங்கள், கடிதக்கட்டுகள் எத்தனை கிடந்தன என்பதற்குக் கணக்கில்லை. ஒரு வெள்ளத்துக்கு முன் எழுதிவைக்காததை அடுத்த வெள்ளத்துக்குப் பின் எழுதமுடியாது.

*

இதெல்லாம் வெறும் பழமை ஏக்கம் என்பார்கள். வானொலிக் காலம் பொற்காலம் என்று நாம் சொல்லவரவில்லை. மேலே சொன்ன கூடம், திண்ணை, தெரு என்ற அடுக்கை மறந்து அப்படிச் சொல்லவும் முடியாது. அரசு சொன்னதையே செய்தியாகக் கேட்கவேண்டியிருந்த காலமும் அதுவே. ஏக்கத்துக்கு மருந்து மறதி அன்று, விவரம்தான். விவரங்களோடு சேர்ந்த சேகரிப்பு பொற்காலக் கதைகளைத் தானே உடைத்துவிடும்.

ஆகவே சேகரிக்கும் நண்பர்களிடம் நம் வேண்டுகோள் எளியது. பெட்டியை வாங்கும்போது அதனோடு அரைமணி நேரப் பேச்சையும் வாங்கிவாருங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த ஆண்டு வாங்கியது, ஏரியல் எங்கே கட்டியிருந்தது, பெட்டி எந்த அறையில் இருந்தது, குமிழைத் தொடும் உரிமை யாருக்கு இருந்தது, பெண்கள் எப்போது கேட்டார்கள், வெளியே நின்று கேட்டவர்கள் யார், கொழும்பா திருச்சியா என்று ஒரு சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். உரிமப் புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். அகில இந்திய வானொலி 'வானொலி' என்ற பெயரிலேயே நடத்திவந்த நிகழ்ச்சிநிரல் இதழ்கள் கிடைத்தால் பெட்டிக்கு முன்னால் அவற்றை எடுங்கள். உடைந்த பிளாஸ்டிக் டிரான்சிஸ்டரை அவமதிக்காதீர்கள். ரப்பர் வளையத்தைக் கழற்றவும் வேண்டாம், அதுவும் வரலாறுதான். அமெரிக்காவில் 1952 முதலும் பிரிட்டனில் 1976 முதலும் இயங்கிவரும் பழைய வானொலி ஆர்வலர் சங்கங்கள் சுற்றுப்படங்களையும் தயாரிப்பு விவரங்களையும் இதழ்நடத்திப் பதிந்திருக்கின்றன. நாம் அதற்கு ஒரு படி மேலே போய்க் கேட்டவர்களையும் பதியலாம்.

தமிழ்த் துறைகளுக்கும் ஒரு சொல். சங்கப் பாடல்களின் வாய்மொழித் தன்மையைப் பற்றி நம் மாணவர்கள் ஆண்டுதோறும் ஆய்வேடு எழுதுகிறார்கள், நல்லதுதான். தி. ஜானகிராமனும் அகிலனும் வானொலியில் பணிபுரிந்தார்கள் என்பதை ஆசிரியர் குறிப்பாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய வாய்மொழி அரங்கு, நாடகமும் பேச்சும் கதையும் பாட்டும் நாள்தோறும் இலட்சக்கணக்கான செவிகளுக்குப் போய்ச்சேர்ந்த அரங்கு, நம் பாடத்திட்டத்தில் ஒரு தாளாகக்கூட இல்லை. முதுகலை மாணவர் இருபது பேர், ஆளுக்கு ஒரு தெருவை எடுத்துக்கொண்டு, கையிலிருக்கும் அலைபேசியிலேயே முதியவர்களின் கேள்வி நினைவுகளைப் பதிந்தால் இரண்டே பருவங்களில் ஒரு வட்டாரத்தின் செவிவரலாறு கிடைத்துவிடும். முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் தொடங்குவது முறை. பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகத்தில் அதற்கென ஒரு மூலை ஒதுக்கப்பட்டால், ஒரு தேக்குப் பெட்டியும் ஒரு பஞ்சாயத்துப் பெட்டியும் ஒரு பீடிக்காரப் பெண்ணின் டிரான்சிஸ்டரும் அங்கே அருகருகே இருக்கட்டும், ஒன்றுக்கும் தனிப்பீடம் இல்லாமல்.

பெட்டிகள் இன்னும் ஐம்பது ஆண்டு இருக்கும். மரமும் பேக்கலைட்டும் பொறுமையானவை. அவற்றைக் கேட்ட செவிகளுக்கு அவ்வளவு நாள் இல்லை.